வீட்டு லேத்தில் பத்து செட்: பைக் சக்கர பேரிங் இறக்கும் கருவி செய்யும் முறை

பைக் மெக்கானிக் கடையில் சக்கர பேரிங் மாற்றும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். புது பேரிங்கை ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) வாயில் வைத்து, அதன் மேல் கழற்றிய பழைய பேரிங்கையோ ஒரு பெரிய சாக்கெட்டையோ வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஆனால் சாக்கெட் சற்று நகர்ந்து உள்வளையத்தில் அடி விழுந்தால், அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போய்ச் சேரும். குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். புது பேரிங் சீக்கிரமே கரகரக்க ஆரம்பிக்கும். பழி பேரிங் செய்த கம்பெனி மேல் போகும்.

இதைத் தவிர்க்கத் தேவை ஒரு வட்டும் ஒரு கைப்பிடியும். வெளிவளையத்தை மட்டும் தொடுகிற வட்டு. அவ்வளவுதான். வீட்டில் லேத் வைத்திருப்பவர் சிறு அளவில் செய்து விற்க இதைவிட நல்ல ஆரம்பப் பொருள் எனக்குத் தெரியவில்லை. ஹார்டனிங் வேண்டாம், மைக்ரான் கணக்கில் அளவு வேண்டாம், வாங்குபவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். லேத் வாங்கிய எல்லோருக்கும் முதலில் புல்லர் (பேரிங்கை இழுத்துக் கழற்றும் கருவி) செய்யத்தான் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் புல்லரில் மரையின் மேல் பெரிய இழுவிசை ஏறும். அது தெறித்தால் யார் முகத்தில் படும் என்று சொல்ல முடியாது. அதை மூன்றாவது, நான்காவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது வீட்டின் பின்கட்டில் ஒரு பழைய நாலரை அடி லேத், 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார். கோயம்புத்தூரில் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. மோட்டார் பம்பும் வெட் கிரைண்டரும் செய்கிற ஊர், தெருவுக்கு ஒரு கடைசல் பட்டறை இருக்கும். இதைவிடச் சின்ன மேசை லேத்திலும் கீழே சொல்லும் வேலை நடக்கும். நேரம்தான் கூடும்.

முதலில் பேரிங் எண்ணைப் படியுங்கள்

பேரிங்கின் எண் உலகம் முழுக்க ஒன்றுதான், எந்தக் கம்பெனி செய்தாலும் வெளி அளவு மாறாது. 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. 6301 என்றால் 12, 37, 12. 6302 என்றால் 15, 42, 13. கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்லும்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் அந்த இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் போதும். 04 என்றால் 20, 05 என்றால் 25.

நமக்குத் தேவை வெளிவிட்டம். முதல் தடவை 35, 37, 42 என்று மூன்று வட்டு போதும். இவற்றோடு ஒரு கைப்பிடி சேர்ந்தால் ஒரு செட். உங்கள் ஏரியாவில் எந்த வண்டி அதிகம் ஓடுகிறதோ அதைப் பொறுத்து இது மாறலாம். இரண்டு மூன்று மெக்கானிக் கடைகளுக்குப் போய்க் குப்பையில் கிடக்கும் பழைய பேரிங்குகளைக் கேட்டு வாங்குங்கள். அவற்றின் எண்ணைப் பார்த்தாலே எந்த அளவு அதிகம் போகிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பேரிங்குகள் அப்புறம் அளவு பார்க்கவும் உதவும்.

ஒரு வட்டு பல எண்களுக்குப் பொருந்தும் என்பது இதில் கிடைக்கும் லாபம். 6202-க்குச் செய்த 35 வட்டு 6300-க்கும் சரியாக இருக்கும். 6302-க்குச் செய்தது 6004-க்கும் ஆகும். இதை நினைவில் வையுங்கள், பெயர் குத்தும்போது வேண்டும்.

வடிவம்

வட்டின் பருமன் 15 மி.மீ. வெளிவிட்டம் பேரிங்கைவிட அரை மில்லி குறைவு: 34.5, 36.5, 41.5. ஹப்புக்குள் பேரிங்கோடு சேர்ந்து வட்டும் இறங்க வேண்டும், ஆனால் சுவரைச் சுரண்டக்கூடாது. ஒரு முகத்தில் 2 மி.மீ. ஆழத்துக்கு நடுவில் குடைந்துவிடுகிறோம். மிச்சம் நிற்கும் விளிம்பு மட்டும் வெளிவளையத்தைத் தொடும். குடைவின் விட்டம் 35-க்கு 31, 37-க்கு 32.5, 42-க்கு 37.5 என்று நான் வைத்திருக்கிறேன். விளிம்பு ஏறத்தாழ 2 மி.மீ. அகலம் நிற்கும். கையில் இருக்கும் பேரிங்கின் வெளிவளையம் எவ்வளவு தடிமன் என்று வெர்னியரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விளிம்பு உள்ளே இருக்கும் தகட்டு மூடியைத் தொடவே கூடாது.

மறு முகம் சமதளம். இதை நான் முதலில் யோசிக்கவில்லை, ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்லித்தான் புரிந்தது. சக்கர ஹப்பில் இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் குழாய் இருக்கும். முதல் பேரிங்கை வெளிவளையத்தில் தட்டி அடிவரை இறக்குகிறோம். ஸ்பேசரைப் போட்டு இரண்டாவதை இறக்கும்போது, அதன் உள்வளையம் ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அப்போதும் வெளிவளையத்தை மட்டுமே தட்டிக்கொண்டிருந்தால் வளையங்கள் ஒன்றுக்கொன்று பக்கவாட்டில் இறுகி, சக்கரம் கனமாகச் சுற்றும். இரண்டு வளையத்தையும் ஒன்றாகத் தொடுகிற சமமுகம் இருந்தால் ஸ்பேசரில் முட்டியதும் சத்தமே மாறும். “தம்பி, சத்தம் மாறினா நிறுத்திடுவோம்ல, அதுக்குத் தட்டையா ஒரு பக்கம் வை” என்றார். அதனால்தான் வட்டுக்கு இரண்டு முகம், நடுவில் இருபுறமும் திறந்த எம்10 (10 மி.மீ. விட்டம்) மரை, எந்தப் பக்கமும் மாட்டக்கூடிய கைப்பிடி.

கைப்பிடி 20 மி.மீ. விட்டம், 150 மி.மீ. நீளம். அதன் முனையில் மரை வெட்டலாம். ஆனால் அது உடைந்தால் கைப்பிடியே வீண். நான் கைப்பிடியின் முகத்தில் எம்10 துளை போட்டு, 8.8 கிரேடு (உறுதி கூடிய) போல்ட்டிலிருந்து அறுத்த துண்டை மரைப் பசை போட்டு இறுக்கிவிடுகிறேன். வெளியே 9 மி.மீ. நீட்டினால் போதும். வட்டில் மரை நிற்கும் பருமன் 13 மி.மீ. என்பதால் மறுபக்கம் எட்டிப் பார்க்காது.

எது சரியாக இருக்க வேண்டும், எது முக்கியமில்லை

புதிதாக வருபவர்கள் எல்லா அளவையும் ஒரே கவனத்தோடு பிடிக்கப் பார்த்துக் களைத்துப் போகிறார்கள். இந்தக் கருவியில் வெளிவிட்டம் 0.1 முன்னே பின்னே போனால் யாருக்கும் நஷ்டமில்லை. பருமன் 14.5 ஆனாலும் பரவாயில்லை. பிசகக்கூடாதது இரண்டு. முகங்கள் மரையின் அச்சுக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் சாய்ந்து இறங்கும். அடுத்தது, சுத்தியல் அடி கைப்பிடியின் முகம் வழியாக வட்டுக்குப் போக வேண்டும், மரை வழியாகப் போகவே கூடாது.

இரண்டாவதில்தான் நான் அடி வாங்கினேன். முதல் தொகுதியில் மரைத் துளையின் வாய் ஓரத்தைச் சரிவாகக் கடைந்துவிடவில்லை. டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போடும்போது முதல் இழை சற்று மேலே எழும்பி நிற்கும். கைப்பிடியின் முகம் அந்தப் பிசிறின் மேல் உட்கார்ந்தது. நடுவில் தாள் நுழையும் அளவு சந்து. அடி எல்லாம் மரையில் விழுந்து, இரண்டே வாரத்தில் வட்டு ஆட ஆரம்பித்துவிட்டது. பத்து செட்டையும் திருப்பி வாங்கி, துளை வாய்களை 12 மி.மீ. விட்டத்துக்குச் சரித்துக் கொடுத்தேன்.

இரும்பு

வட்டுக்குச் சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிரைட் பார். பேரிங் வளையத்தின் கடினம் ராக்வெல் சி அளவில் 60-ஐ ஒட்டி இருக்கும். அதன் மேல் கடினமான கருவியை வைத்து அடித்தால் சில்லு தெறிக்கலாம். கருவி மெத்தென்றுதான் இருக்க வேண்டும், தேய்ந்தால் முகத்தை ஒரு தடவை லேத்தில் எடுத்துக்கொள்ளலாம். அலுமினியம் இன்னும் மெத்து, கடைவதும் சுலபம். கடையில் விற்கும் செட்டுகள் பலவும் அதில்தான் வருகின்றன. ஆனால் பட்டறையில் தினமும் அடி வாங்கும் இடத்துக்கு எனக்கு எம்.எஸ்.தான் பிடிக்கிறது. கைப்பிடிக்கு இ.என்.8 என்ற இன்னும் வலுவான எஃகு. எம்.எஸ். போட்டால் தலை காளான் மாதிரி விரிந்துவிடும்.

உருண்டைக் கம்பியின் எடையைக் கணக்கிட கடைக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு வழி உண்டு: விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 45 மி.மீ. கம்பி என்றால் 12.5 கிலோ. 40 என்றால் 9.9 கிலோ. பத்து செட்டுக்குப் பன்னிரண்டாக வாங்குங்கள், இரண்டு வீணாகும் என்று இப்போதே ஒத்துக்கொள்வது நல்லது. ஒரு வட்டுக்கு 18 மி.மீ., அறுப்பில் போவது 3 மி.மீ. ஆக 42 வட்டுக்கு 45 கம்பியில் 252 மி.மீ., 3.15 கிலோ. 40 கம்பியில் 35, 37 இரண்டு அளவுக்கும் சேர்த்து 504 மி.மீ., 5 கிலோ.

கடையிலேயே மெஷின் ரம்பத்தில் துண்டு போட்டு வாங்கிவிடுங்கள். 45 மி.மீ. இரும்பைச் சின்ன லேத்தில் பார்ட்டிங் டூல் வைத்து அறுப்பது தண்டனை. அதிரும், மாட்டும், பிட் உடையும். அறுப்புக் கூலி ஒரு பிட் விலையைவிடக் குறைவாகத்தான் வரும்.

லேத்தில்

முதலில் ஒரே ஒரு செட் செய்து ஒரு மெக்கானிக்கிடம் மூன்று வாரம் கொடுத்துவையுங்கள். காசு வாங்காதீர்கள். திரும்பி வரும்போது எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, எங்கே வளைந்திருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் பத்து.

பத்து செய்யும்போது ஒவ்வொரு வட்டாக முழுதாக முடிக்காதீர்கள். ஒரு வேலையைப் பன்னிரண்டு துண்டுக்கும் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். டூலை ஒரு தடவை அமைத்தால் பன்னிரண்டும் அதே அளவில் வரும். ஒவ்வொன்றுக்கும் மாற்றினால் பன்னிரண்டும் பன்னிரண்டு விதமாக வரும்.

முதல் பிடி: துண்டை மூன்று தாடை சக்கில் (துண்டைப் பிடித்துச் சுற்றும் பகுதி) 7 மி.மீ. உள்ளே விட்டுப் பிடியுங்கள். முகம் எடுங்கள், அதாவது முன்பக்கத்தைச் சமமாகக் கடையுங்கள். சென்டர் டிரில், பிறகு 8.5 மி.மீ. டிரில் மறுபக்கம் வரை. எம்10-இன் சாதாரண மரைக்கு 8.5 துளைதான் கணக்கு. துளை வாயைச் சரியுங்கள். குடைவை 2 மி.மீ. ஆழத்துக்கு எடுங்கள், அதன் தரை சமமாக இருக்கட்டும். பிறகு மோட்டாரை நிறுத்தி, டேப்பின் பின்முனையை டெயில் ஸ்டாக் (லேத்தின் எதிர்முனைத் தாங்கி) சென்டரில் தாங்கி, கையால் மரை போடுங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். கட்டிங் ஆயில் தீர்ந்துவிட்டால் தேங்காய் எண்ணெயும் ஓடும். முகம், குடைவு, மரை மூன்றும் ஒரே பிடியில் முடிந்தால்தான் செங்குத்து தானாக அமையும். நடுவில் சக்கைத் தளர்த்தினால் அது போயிற்று.

வேகம் எவ்வளவு? எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் எம்.எஸ். கடைய நிமிடத்துக்கு 25 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 25-ஐ 1000-ஆல் பெருக்கி, விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கிய தொகையால் வகுத்தால் ஆர்.பி.எம். கிடைக்கும். 45 மி.மீ.க்கு 177, 40-க்கு 200. உங்கள் லேத்தில் அதற்குக் கீழே இருக்கும் கியரைப் போடுங்கள். 8.5 டிரில்லுக்கு இதே கணக்கில் 900 சொச்சம் வரும். நான் 600-ஐத் தாண்டுவதில்லை, டிரில் கூர்மை அதிக நாள் நிற்கிறது.

இரண்டாவது பிடிக்கு ஒரு மேண்ட்ரல் (வட்டைத் திருகி மாட்டும் தண்டு) வேண்டும். 30 மி.மீ. விட்டமுள்ள ஒரு துண்டைச் சக்கில் பிடித்து, முகம் எடுத்து, நடுவில் எம்10 மரைத் தண்டு 9 மி.மீ. நீளத்துக்கு நிற்கும்படி கடைந்து டை (வெளிமரை வெட்டும் கருவி) போடுங்கள். தோள் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் காடி எடுத்தால் வட்டு ஒட்டி உட்காரும். முக்கியம்: செய்த பிறகு மேண்ட்ரலைச் சக்கிலிருந்து எடுக்கக்கூடாது. எடுத்து மறுபடி மாட்டினால் மூன்று தாடை சக் அதே இடத்தில் பிடிக்காது. பன்னிரண்டு வட்டும் முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.

குடைந்த பக்கம் மேண்ட்ரல் தோளைப் பார்க்கும்படி வட்டைத் திருகுங்கள். இப்போது சமமுகம் எடுத்து, வெளிவிட்டத்தை முழு நீளத்துக்கும் ஓட்டி, இரண்டு ஓரத்திலும் அரை மில்லி சரிவு கொடுங்கள். சமமுகத்தின் துளை வாயையும் சரிக்க மறக்காதீர்கள், என் கதைதான் மேலே சொன்னேனே. கடைசல் விசை வட்டை இறுக்கும் பக்கமாகவே தள்ளும், அதனால் தளராது. மாறாகக் கழற்றுவதுதான் சிரமம். தோளில் சொட்டு எண்ணெய் தடவுங்கள், தோல் பட்டையைச் சுற்றி வெடுக்கென்று திருப்புங்கள்.

அளவைப் பிடிக்க ஒவ்வொரு தடவையும் வெர்னியர் எடுக்க வேண்டாம். 3 மி.மீ. தகட்டில் இரண்டு வாய் வெட்டி அரம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 35 வட்டுக்கு என்றால் ஒன்று 34.6, இன்னொன்று 34.3. முதல் வாயில் வட்டு நுழைய வேண்டும், இரண்டாவதில் நுழையக்கூடாது. அப்படியானால் பாஸ். கேரேஜ் (டூலைத் தாங்கி நகரும் பகுதி) ஒரே இடத்தில் நிற்க லேத்தின் பெட்டில் ஒரு கிளாம்ப் போட்டு முட்டு வையுங்கள். இந்த இரண்டையும் செய்ய ஒரு மாலை நேரம் போகும். நான் முதலில் அதை மிச்சம் பிடிக்கப் பார்த்து, ஏழாவது வட்டில் கவனம் சிதறி 33.9-க்குக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

கைப்பிடி சுலபம். இரு முகமும் எடுத்து, ஒரு பக்கம் 8.5 டிரில் 28 மி.மீ. ஆழம், மரை, வாய் சரிவு. அடிமுட்டும் துளை என்பதால் டேப் செட்டில் மூன்றாவது டேப்பும் வேண்டும். அடி வாங்கும் பக்கம் 3 மி.மீ. தாராளமாகச் சரிவு. நடுவில் நர்லிங் (கை வழுக்காமல் இருக்கப் பதிக்கும் வரிகள்). கிரீஸ் கையோடு பிடிக்கப் போகிறார்கள் என்பதால் சொரசொரப்பு கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

இதற்கு நடுவே ஒன்று. வீட்டுப் பட்டறை என்றால் லுங்கியோடும் தோளில் துண்டோடும் மெஷின் முன் போய் நிற்கத் தோன்றும். கூடாது. கையுறை, மோதிரம், கயிறு, தொங்கும் துப்பட்டா எதுவும் சுற்றும் சக்கின் பக்கம் வரக்கூடாது. கடையும்போது வரும் இரும்புச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள், கம்பிக் கொக்கி செய்துகொள்ளுங்கள். சக் சாவி கையை விட்டுப் போகுமுன் சக்கை விட்டுப் போக வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும். மோட்டார் லைனில் எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் முதல் சுவிட்சைப் போடாதீர்கள்.

பெயர், நிறம், பெட்டி

என் முதல் செட்டில் 34.5, 36.5, 41.5 என்று பெருமையாக எண் குத்தியிருந்தேன். மெக்கானிக்குக்கு அது எதற்கு? அவருக்குத் தெரிந்தது பேரிங் எண். இப்போது 6202 / 6300 என்றும் 6302 / 6004 என்றும் குத்துகிறேன். 4 மி.மீ. எண் பஞ்ச் போதும், வட்டின் பக்கச் சுவரில் குத்துங்கள். முகத்தில் குத்தினால் ஓரம் எழும்பி நிற்கும். வண்டிக் கம்பெனியின் பெயரைக் கருவியில் குத்தாதீர்கள். அது அவர்கள் வணிகப் பெயர், வம்பு எதற்கு.

துரு பிடிக்காமல் இருக்க, வட்டைச் சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கறுப்பாக்கலாம். வெளியில் வைத்துத்தான், புகை அப்படி வரும். பெரிய எண்ணெய்ச் சட்டியை வைக்காதீர்கள், மூடி ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். எனக்கு இதெல்லாம் அவசியம் என்று படவில்லை. எண்ணெய் தடவி, தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தால் போதும், மறுநாளே அது கிரீஸில் குளிக்கப் போகிறது. கூடவே எந்த முகம் எதற்கு என்று இரண்டு வரி எழுதிய தாள் ஒன்று.

கணக்கு

இரும்பு விலை இதில் சின்னப் பங்கு. நேரம்தான் விலை. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதுங்கள். எனக்கு முதல் பத்து செட்டுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மூன்றாவது தொகுதியில் அது இரண்டாகக் குறைந்தது. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு நீங்களே ஒரு கூலி வைத்து, இரும்பு, டிரில், டேப் தேய்மானம், கரண்ட், வீணாகும் இரண்டு வட்டு எல்லாம் சேர்த்துப் பத்தால் வகுங்கள். அந்தத் தொகை சந்தையில் கிடைக்கும் செட்டைவிட அதிகமாக வந்தால், அதே 35, 42-ஐச் செய்வதில் பொருளில்லை. செட்டில் வராத அளவு எது என்று மெக்கானிக்குகளிடம் கேளுங்கள். பழைய வண்டிகளுக்குத்தான் அப்படி அதிகம் கேட்பார்கள். சின்ன லேத்துக்குச் சோறு போடுவது அந்த மாதிரி வேலைதான்.

தொடர்ந்து விற்பதாக இருந்தால் உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) பதிவு செய்துகொள்ளுங்கள், இணையத்தில் இலவசம். பொருள் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, ஆனால் வெளிமாநிலத்துக்கு ஒரு செட் அனுப்பினாலும் பதிவு வேண்டும். வீட்டுக் கரண்ட் இணைப்பில் உற்பத்தி நடத்துவது பின்னால் அபராதத்தில் முடியலாம். சிறு தொழிலுக்குத் தனிக் கட்டணப் பிரிவு உண்டு, மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு செட்டை விற்காமல் எடுத்து, தேதி எழுதி, சுவரில் ஆணியில் மாட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது “இதே மாதிரி இன்னும் நாலு வேணும்” என்று வந்தால், நோட்டில் எழுத விட்டுப்போன அளவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.